படத்துக்குக் கீழே ஒரு வரி

சதுரங்கப் பயிற்சி மையத்தில் என் மேஜையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

வேலையை விட்டு வந்த பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு சதுரங்கப் படம் போடுகிறார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாலும் சரி, அது கண்ணில் பட்டால் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்துவிடுகிறேன். தாளைத் தட்டையாக நீவுகிறேன். நான்கு மூலையும் சட்டத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்கிறேன். அதற்கப்புறம்தான் இதை எடுத்து யாருக்கு அனுப்பப் போகிறோம் என்ற நினைவு வரும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி வெங்காயத்துக்குப் போவேன்.

புத்தகத்தில் உள்ள படத்தைப் போனில் எடுத்து, எந்தக் கட்டத்தில் எந்தக் காய் என்று வாசிக்கும் செயலிக்குள் கொண்டுவரும் நுணுக்கங்களை எழுதித் தாருங்கள் அக்கா என்று கேட்டிருந்தீர்கள். போனை எப்படிப் பிடிப்பது, வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் கொஞ்ச நாளில் தானாகவே கைக்கு வந்துவிடும். பக்கத்துக் கட்டிடத்தில் தறி ஓடும்போது மேஜை அதிர்ந்து படம் கலங்கும் என்பதும், சாப்பாட்டு நேரத்துக்குத் தறி நிற்கும்போது மளமளவென்று எடுத்துவிட வேண்டும் என்பதும் இதற்குள் தெரிந்திருக்கும். ஆடித் தபசுத் திருவிழா நாட்களில் மைக் சத்தத்துக்கு நடுவே குரல் பதிவு எதுவும் செய்ய முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். நுணுக்கம் அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய புத்தகத்தைப் படம் எடுத்தேன். என்றைக்கோ யாரோ வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு கொசுவை அடித்திருக்கிறார்கள். அது ஒரு கட்டத்தின் நடுவில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. செயலி அதைக் கறுப்புச் சிப்பாய் என்று வாசித்துவிட்டது. வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அந்தக் கொசுவைத் தாண்டிப் போக வழி தெரியாமல் தவித்தார்கள். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் என்னைவிட வயதில் மிகவும் சின்னவள், அந்தக் காலத்தில் ஒல்லிக்குச்சியாக இருப்பாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டுச் சொன்னாள்: “காய் இருக்கிற கட்டத்த எல்லாரும் பாத்துருவாக அக்கா. காலியா இருக்குன்னு சொல்லுற கட்டத்துக்கும் நாமதான பொறுப்பு.” அதன் பிறகு நான் காலிக் கட்டங்களைத்தான் முதலில் பார்ப்பேன். அவள் ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தாள். படத்தின் ஓரக்கோடு வரைக்கும் இறுக்கமாக வெட்டி எடுக்க வேண்டும், வெளியே இருக்கும் எழுத்து, எண், கறை எதுவும் செயலியின் கண்ணில் படக் கூடாது. நல்ல வழக்கம்தான். அதனால் பல நாள் நிம்மதியாக இருந்தோம்.

சாகுல் பாய் எங்களிடம் வந்தது அந்த நிம்மதியான நாட்களில்தான்.

கடையநல்லூர்க்காரர். வாலிபத்தில் சவூதியில் தம்மாமுக்குப் போனவர் நரைத்த பிறகுதான் திரும்பி வந்தார். சாமான் கிட்டங்கி ஒன்றில் வேலை. சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது. வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும் தெரியும். மனைவி ஜைத்தூன் அக்கா கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றிக் கூட்டி வந்தார். இன்னொரு கையில் அரபு மொழியில் அச்சான ஒரு தடிப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு சதுரங்கப் புதிர்ப் படம், படத்துக்குக் கீழே ஒரு வரி, அவ்வளவுதான் அந்தப் புத்தகம். அங்கே பழைய கடை ஒன்றில் வாங்கியதாம். அறையில் மற்றவர்கள் டிவி பார்க்கும் நேரத்தில் இவர் காந்தப் பலகையில் காய்களை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்.

“முன்னால உள்ளதெல்லாம் அங்கனயே போட்டுட்டேன் தங்கச்சி,” என்றார். “கடைசி அத்தியாயத்த மட்டும் தொடல. ஊருக்குப் போயி, மாடில நாற்காலியப் போட்டு, ஜைத்து டீ கொண்டாந்து வைக்க, நிதானமா ஒண்ணொண்ணாப் போடணும்னு வச்சிருந்தேன்.”

வைத்திருந்தது மாடி, நாற்காலி, டீ எல்லாவற்றோடும் அப்படியே இருந்தது. பார்க்கக் கண்தான் இல்லை.

அவர் கேட்டது இதுதான். அந்தக் கடைசி அத்தியாயப் படங்களைப் போனில் எடுத்து, எந்தக் கட்டத்தில் எந்தக் காய் நிற்கிறது என்று குரலில் அனுப்ப வேண்டும். மீதியை அவர் மனதிலேயே பார்த்துக்கொள்வார். விடையை மட்டும் தப்பித் தவறியும் சொல்லிவிடக் கூடாது. பயிற்சியாளர் உடனே சரி என்றாள், வேலை என் மேஜைக்கு வந்தது.

ஜைத்தூன் அக்கா புத்தகத்தை என் முன்னால் வைத்தார். வைத்த விதத்திலேயே அதற்கும் அவருக்கும் பழைய வழக்கு இருப்பது தெரிந்தது. “என் சக்களத்திய நல்லாப் படம் புடிங்க கோமதி. அவளுக்கு ஒரு கொறையும் வந்துரக் கூடாது,” என்றார். பாய் சிரித்தார். அவர் பயிற்சியாளரோடு பேச உள்ளே போனதும் அக்கா குரலை இறக்கினார். “அவுக ஒரு அத்தியாயத்த ஒதுக்கி வச்சாக. நான் என்னத்த ஒதுக்கி வச்சேன்னு யாரும் கேக்கல. எல்லாத்தையும்தான் வச்சேன்.”

எனக்கு என் வீட்டு நினைவு வந்தது. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஊர் ஊராகப் பஸ் ஓட்டியவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு நாளாவது டிக்கெட் எடுத்து, என் பக்கத்தில் பயணியாக உட்கார்ந்து, எங்கேயாவது போய் வர வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு போகலாம் கோமு என்பார். ஓய்வு பெறும் முன்பே போய்விட்டார். நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒருவர் இப்படி எதையாவது பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று, மறைக்க என்ன இருக்கிறது. காலையில் வந்ததும் ஒரு படம் எடுப்பேன். செயலி தருவதைப் புத்தகத்தோடு கட்டம் கட்டமாக ஒப்பிடுவேன். பிறகு, “வெள்ளை ராஜா ஜி ஒன்று, வெள்ளை யானை எஃப் ஒன்று” என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி, “வெள்ளை ஆட வேண்டும்” என்று முடிப்பேன். செயலியும் அப்படித்தான் முடிக்கும். மறுநாள் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு அவர் குரல் வந்திருக்கும். விடையை மட்டும் சொல்லி விடுகிற ஆள் இல்லை. முதலில் எங்கே ஏமாந்தார், எந்தக் குதிரை அவரைச் சுற்றலில் விட்டது, யானையைக் கொடுக்க மனசு வராமல் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எல்லாம் வரும். பின்னால் பால்காரர் மணி கேட்கும். வேலைக்குப் போகும் வழியில் அதைக் கேட்டுக்கொண்டே நடப்பேன். இன்றைக்கும் சில நாள் காலையில் அந்தக் குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது, போனில் தேடி எடுத்துப் போட்டுக் கேட்கிறேன்.

அத்தியாயத்தின் பாதியில் ஒரு படம் வந்தது. வழக்கம்போல அனுப்பினேன். மறுநாள் பதில் இல்லை. அடுத்த நாள், “இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன்,” என்று மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. வாரம் ஒன்று போயிற்று. அவரே கூப்பிட்டு, நான் சொன்ன நிலையைக் காய் காயாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். எல்லாம் சரி. அதைக் கேட்டதும் அவர் குரல் இன்னும் சோர்ந்துபோயிற்று.

கடைசியில் ஜைத்தூன் அக்காதான் கூப்பிட்டார். “சாப்பாடு எறங்க மாட்டேங்கு. புஸ்தகத்த அங்கனயே யாருக்காவது குடுத்துரச் சொல்லுதாக. கண்ணு போனப்பக்கூட இப்பிடி இருக்கல கோமதி. மூளையும் போயிட்டு, இனி எனக்கு என்ன இருக்குங்காக.”

இது ஒரு விளையாட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த மனுஷருக்கு மீதம் இருந்தது அந்தப் பலகை ஒன்றுதான், அதுவும் அவர் மண்டைக்குள் இருந்தது. அதைத் தன் கையாலேயே இழுத்து மூடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செயலி தந்த நிலையும் அச்சில் இருந்த நிலையும் அச்சு அசலாக ஒன்றே. காலிக் கட்டம் எல்லாம் காலிதான், கொசு எதுவும் இல்லை. கணினியில் போட்டேன். வெள்ளை ஆடினால் எதிர் ராஜாவை மடக்கும் மேட் எதுவும் கிடையாது என்று அடித்துச் சொன்னது. என்னோடு வேலை பார்த்த முத்து, அச்சுப் பிழை என்று சொல்லி அடுத்த படத்தை அனுப்பிவிடுங்கள் அக்கா என்றான். பயிற்சியாளர் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, நீங்கதான் அவர்கூடப் பேசுதீங்க, உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆளுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய போன் என் கையில் இருந்தது.

பிழை என்று சொல்லிவிடலாம். ஆனால் பிழையா என்பது எனக்கே தெரியாதே. தெரியாததை ஆறுதலுக்காகச் சொன்னால் அது பொய். செயலியை மூடிவிட்டுப் பக்கத்தை வெறுமனே பார்த்தேன். நாங்கள் இறுக்கமாக வெட்டிப் பழகிய பழக்கத்தில், அந்தப் பக்கத்தை முழுதாகப் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. படத்துக்குக் கீழே இருந்த அரபு வரி கண்ணில் பட்டது. எனக்கு அரபு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் கோலம் மாறியிருந்தால் தெரியாதா? முந்தின பக்கத்தைத் திருப்பினேன். அதற்கு முந்தினதையும் திருப்பினேன். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வரி, ஒரே வடிவம். இந்தப் படத்துக்குக் கீழே மட்டும் முதல் சொல் வேறாக இருந்தது.

கணினியில் மற்ற எதையும் தொடாமல் கறுப்பு ஆட வேண்டும் என்று மாற்றினேன். உடனே மேட் வந்து நின்றது.

கறுப்பு ஆட வேண்டிய படம் அது. யார் ஆட வேண்டும் என்று சொல்லும் அந்த வரியை நாங்கள் வெட்டி எறிந்துவிட்டோம். எதுவும் சொல்லாவிட்டால் வெள்ளை என்று வைத்துக்கொள்வது செயலியின் குணம். அதை நானும் குரல் கொடுத்து அனுப்பினேன். இல்லாத விடையை அந்த மனுஷர் வாரம் முழுக்கத் தேடியிருக்கிறார்.

முத்து துள்ளிவிட்டான், கூப்பிட்டுச் சொல்லுங்கள் அக்கா என்றான். நானும் போனை எடுத்தேன். எண்ணைத் தொடப் போகும்போதுதான் கை நின்றது. நான் சொன்னால் அவர் நம்புவாரா? பாய், நாங்கள்தான் மாற்றிச் சொல்லிவிட்டோம், உங்கள் மூளை நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒருத்தி போனில் சொன்னால், பாவம் பார்த்து நிலையை மாற்றிவிட்டாள் என்றுதான் அவருக்குத் தோன்றும். பார்த்துத் தெரிந்துகொள்ளக் கண் இல்லாத ஆள், பிறர் குரலில் இரக்கம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். அவருடைய புத்தகமே அவருக்குச் சொல்ல வேண்டும். அதுவும் அவர் வீட்டுக் குரலில் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கும் செயலியும் என் போனில் இருந்தது, அதையும் நான் திறக்கவில்லை.

அந்தப் பக்கத்தை ஓரம் வெட்டாமல் முழுதாக ஒரு படம் எடுத்து ஜைத்தூன் அக்காவின் போனுக்கு அனுப்பினேன். பிறகு பாயின் போனுக்குக் கூப்பிட்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஸ்பீக்கரில் போடும்படி அக்காவிடம் சொன்னேன். படத்துக்குக் கீழே இருக்கும் வரியை வாசியுங்கள் அக்கா என்றேன்.

“குர்ஆன்ல உள்ள மாதிரி மேல கீழ குறி ஒண்ணும் இல்லையே. எப்பிடி வாசிக்க?” என்றார். அவருக்கு ஓதத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. பாய்க்கு அர்த்தம் தெரியும், எழுத்து கண்ணுக்குத் தெரியாது. வாசிக்க வேண்டாம், முதல் சொல்லின் எழுத்தை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன்.

சக்களத்தியைத் தொட அவருக்கு மனமில்லாமல் இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கினார். பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

“அலிஃபு,” என்றார். “லாமு. பெறவும் அலிஃபு. சீனு. வாவு. தாலு.”

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

“அஸ்வத்,” என்றார் பாய்.

“ஹஜ்ருல் அஸ்வத்துன்னு சொல்லுதோமே, கஅபாவுல உள்ள கறுப்புக் கல்லு, அந்த அஸ்வத்தா?” என்று அக்கா கேட்டார்.

“அதேதான். கறுப்பு. இதுல கறுப்பு ஆடணும் ஜைத்து.” அதற்குப் பிறகு, “ரெண்டு பேரும் பேசாதீய,” என்றார்.

போனை வைக்கத் தோன்றாமல் காதில் வைத்தபடி இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் தறி நின்று, மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. அப்புறம் அவர் விடையைச் சொன்னார், நகர்த்தல் நகர்த்தலாக, ஒன்றும் பிசகாமல். சொல்லி முடித்ததும் அவர் என்னிடம் பேசவில்லை. “என் மூள போகல ஜைத்து,” என்று அக்காவிடம்தான் சொன்னார். அக்கா அழுவது கேட்டது. நானும் அழுதேன், முத்து பார்க்காத மாதிரி எழுந்து போய்விட்டான்.

முதலில் முழுப் பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் ஓரத்தை வெட்டுங்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்களே, அந்த வழக்கம் அன்றைக்குத்தான் வந்தது. பயிற்சியாளர் அன்று சாயங்காலமே எழுதிச் சுவரில் ஒட்டினாள். காரணத்தை எழுத இடம் போதவில்லை. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பாய் நாளுக்கு ஒன்று என்பதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மீதியை எல்லாம் அனுப்பிருங்க தங்கச்சி, ஒதுக்கி வச்சது போதும் என்றார். கீழே இருக்கும் வரியை இனி ஜைத்தூன் அக்காதான் சொல்வார் என்றும் சொன்னார். காலைக் குரல் பதிவில் இப்போது இரண்டு குரல் வர ஆரம்பித்தது. பாய் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா குறுக்கே புகுந்து, அந்த மந்திரி எதுக்கு அங்கன சும்மா நிக்கி என்று கேட்பார். சில நாள் அது நல்ல கேள்வியாகவும் இருக்கும்.

கடைசிப் படத்தை மட்டும் குரலில் அனுப்ப வேண்டாம், புத்தகத்தைக் கொடுக்க வரும்போது வீட்டில் வைத்துச் சொல்லுங்கள் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூருக்குப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் பையையும் புத்தகத்தையும் வைத்துக்கொண்டேன். புளியங்குடி வரைக்கும் அங்கே யாரும் உட்காரவில்லை, எனக்கும் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று இருந்தது.

மாடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மரப்பலகை. விரலுக்குத் தெரிய வேண்டும் என்று கறுப்புக் காய் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஜைத்தூன் அக்கா தறி நூலைச் சுற்றிக் கட்டியிருந்தார். நான் சொல்லச் சொல்ல அக்காவே காய்களை வைத்தார். ஒரு தடவைகூடக் கட்டத்தைத் தேடவில்லை. கீழே இருந்த வரியைப் பார்த்து, இது வெள்ளை என்றார். டீ கொண்டு வந்து வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாய் இரண்டு கையையும் பலகை மேல் மெதுவாக ஓடவிட்டார். டீயில் ஆடை படிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் விரல் வெள்ளைக் குதிரையின் தலையில் வந்து நின்றது. எனக்கு விடை தெரியும். விடை அந்தக் குதிரைதான். அவருக்கும் தெரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. இத்தனை காலம் வைத்திருந்த அத்தியாயம் அந்த ஒரு நகர்த்தலோடு முடிந்துவிடும்.

அவர் விரலை எடுத்துவிட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு, “நீ ஆடு,” என்றார்.

எனக்கு என்ன தெரியும் என்று அக்கா கொஞ்ச நேரம் மறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். அது விடை இல்லை. தப்பு என்று பாய் சொல்லவில்லை. பலகையைத் தடவி அது எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, நூல் கட்டிய யானையை எடுத்து நகர்த்தினார். இருவரும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

புத்தகத்தை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். போய் வருகிறேன் என்று சொன்னது அவர்கள் காதில் விழுந்ததா தெரியாது. படி இறங்கும்போது அக்காவின் குரல் கேட்டது.

“இப்ப யாரு ஆடணும்?”

“நீதான் ஜைத்து. மெதுவா ஆடு. நான் எங்கயும் போவப் போறதில்ல.”